இரண்டு பி.இ.

தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல். அண்ணா பல்கலைக்கழகத்தில் வாங்குகிற பட்டமும் பி.இ. தான். அமெரிக்காவில் பரீட்சை எழுதிப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிற 'புரொஃபஷனல் இன்ஜினியர்' என்பதும் பி.இ. தான். ஆங்கிலத்தில் முதல் எழுத்து வேறு. நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'பி'. அதனால்தானோ என்னவோ, நம் வீடுகளில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "அவன்தான் ஏற்கெனவே பி.இ. முடிச்சிட்டானே, இன்னும் எதுக்கு பி.இ. பரீட்சை?"

என் அக்கா இதே கேள்வியை என்னிடம் கேட்டார். நான் பி.காம். படித்து வங்கியில் சேர்ந்தவன். கம்பி, கான்க்ரீட் எதுவும் தெரியாது. ஆனால் கையெழுத்து பற்றி ஓரளவு தெரியும். இருபது வருஷமாகப் பார்க்கிற வேலையே, எந்தக் காகிதத்தில் யார் கையெழுத்து இருக்க வேண்டும், அது பொய்யானால் யாரைப் பிடிப்பது என்பதுதான். அக்காவுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். சரித்திரம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வரைபடத்தில் ஆரம்பித்த கதை

பொறியாளர்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று அமெரிக்காவில் முதலில் சட்டம் போட்டது நியூயார்க்கோ சிகாகோவோ இல்லை. மாடு மேய்க்கிற வயோமிங் மாநிலம். வருடம் 1907. காரணம் பாலமோ மாடிக் கட்டடமோ அல்ல, வாய்க்கால் தண்ணீர்.

அங்கே ஆற்றுத் தண்ணீரை நிலத்துக்கு எடுக்க அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பத்தோடு வரைபடம் வைக்க வேண்டும். மாநிலத் தலைமைப் பொறியாளர் கிளாரன்ஸ் ஜான்ஸ்டன் அந்தப் படங்களை எடுத்துப் பார்த்தால், வக்கீல்களும் நோட்டரிகளும் பொறியாளர், சர்வேயர் என்று தாங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அளவு எதுவும் நம்பும்படி இல்லை. இரண்டு பேருக்கு நடுவே ஓடுகிற வாய்க்காலில் படம் தப்பானால் என்ன ஆகும் என்று தஞ்சாவூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டம் வந்தது. அதே 1907 ஆகஸ்டில் சார்லஸ் பெல்லமி என்பவர் முதல் லைசென்ஸ் வாங்கினார்.

மற்ற மாநிலங்கள் மெதுவாகத்தான் வந்தன. சில இடங்களில் உயிர் போன பிறகுதான் வந்தன. கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸுக்குத் தண்ணீர் கொண்டுவந்த வில்லியம் முல்ஹாலண்ட், பொறியியல் படிப்பில்லாமல் வாய்க்கால் பராமரிக்கும் ஆளாகச் சேர்ந்து தலைமைப் பொறியாளர் வரை உயர்ந்தவர். அந்த ஊரே அவரைக் கொண்டாடியது. அவர் கட்டிய செயின்ட் ஃபிரான்சிஸ் அணை 1928 மார்ச் 12 நள்ளிரவுக்குச் சற்று முன் உடைந்தது. நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். முல்ஹாலண்டின் திறமையை அதுவரை யாரும் சந்தேகித்ததில்லை. அவர் போட்ட திட்டத்தை வெளியாள் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற ஏற்பாடும் இருந்ததில்லை. அடுத்த வருடமே, 1929ல், கலிஃபோர்னியா சிவில் பொறியாளர்களுக்குப் பதிவுச் சட்டம் கொண்டுவந்தது.

டெக்சாஸில் 1937 மார்ச் 18 அன்று நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் எரிவாயு கசிந்து வெடித்தது. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். கும்பகோணத்தை 2004ல் பார்த்தவர்களுக்கு இந்தச் செய்தியைப் படிப்பதே கஷ்டம். அந்த வருடமே டெக்சாஸில் பொறியாளர் பதிவுச் சட்டம் வந்தது. நம் வீட்டு சிலிண்டர் கசிந்தால் ஒரு நாற்றம் வருகிறதே, எரிவாயுவில் அதைக் கலக்க வேண்டும் என்ற விதி பரவலானதும் இந்த விபத்துக்குப் பிறகுதான்.

மோதிரம், ஓட்டல், மலைச்சரிவு

டொராண்டோ பக்கம் இருப்பவர்கள் கவனித்திருப்பீர்கள். அங்கே படித்த பொறியாளர்கள் சுண்டுவிரலில் ஒரு இரும்பு மோதிரம் போட்டிருப்பார்கள். 1907 ஆகஸ்ட் 29 அன்று கட்டிக்கொண்டிருந்த க்யூபெக் பாலம் சரிந்து 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். மறுபடி கட்டும்போது 1916ல் நடுப்பகுதி விழுந்து இன்னும் 13 பேர். 1920ல் கனடாவின் பல மாகாணங்கள் பொறியாளர் சட்டம் இயற்றின. மோதிரம் அணிவிக்கும் சடங்கு 1925ல் ஆரம்பித்தது. விழுந்த பாலத்தின் இரும்பில் செய்த மோதிரம் என்று சொல்வார்கள், அது வெறும் கதை.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குச் சிராங்கூன் சாலை ஓட்டல் நியூ வேர்ல்ட் நினைவிருக்கும். லிட்டில் இந்தியாவில் பால் வாங்கப் போகிற தூரம். 1986 மார்ச் 15 காலை பதினொன்றரை வாக்கில், ஆறு மாடியும் ஒரு நிமிஷத்துக்குள் தரைமட்டம். 33 பேர் இறந்தார்கள், 17 பேரைத் தோண்டி எடுத்துக் காப்பாற்றினார்கள். வெடிகுண்டு என்றார்கள், எரிவாயு என்றார்கள். விசாரணையில் வெளிவந்தது ரொம்பச் சாதாரணமான விஷயம். கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்கவில்லை. ஆட்கள், மேசை, கட்டில் எடையைப் போட்டிருக்கிறார்கள். சுவரும் தளமும் தூக்க வேண்டிய தன் எடையை விட்டுவிட்டார்கள். வரைந்தவர் தகுதி பெற்ற பொறியாளர் அல்ல, ஒரு டிராஃப்ட்ஸ்மேன்.

கவனியுங்கள், சிங்கப்பூரில் அப்போதே லைசென்ஸ் சட்டம் இருந்தது. ஆனால் அந்தக் கட்டடத்தை அது காப்பாற்றவில்லை. அதனால் 1989 கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் இன்னொன்றைச் சேர்த்தார்கள். ஒரு பொறியாளர் போட்ட கணக்கை, அந்த வேலையில் சம்பந்தமில்லாத, அங்கீகாரம் பெற்ற இன்னொரு பொறியாளர் முழுதாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வங்கியில் ஒருவர் எழுதிய வவுச்சரை இன்னொருவர் பாஸ் செய்வது போலத்தான்.

மலேசியாவில் 1993 டிசம்பர் 11 அன்று கோலாலம்பூர் அருகே ஹைலேண்ட் டவர்ஸ் குடியிருப்பின் ஒரு கட்டடம் விழுந்து 48 பேர் இறந்தார்கள். அங்கே வில்லன் மழைத்தண்ணீர். பின்னால் இருந்த மலைச்சரிவில் வடிகால் சரியில்லை, தாங்குசுவர் சரிந்து மண் கட்டடத்தைத் தள்ளிவிட்டது. 2000ல் வந்த தீர்ப்பில் கட்டியவர்களோடு கட்டடக்கலைஞரையும் பொறியாளரையும் உயர் நீதிமன்றம் பொறுப்பாக்கியது. வீட்டைச் சுற்றி இருக்கிற மலையைப் பார்ப்பதும் உங்கள் வேலைதான் என்று சொன்ன தீர்ப்பு அது.

நம்மூரில் ஏன் இல்லை?

இத்தனை அணை, பாலம் கட்டிய நம் நாட்டில் ஏன் இப்படி ஒரு சட்டம் வரவில்லை? எனக்குத் தெரிந்த பதில் ஒரே வார்த்தையில் இருக்கிறது: மராமத்து.

எங்கள் பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர், திரு-கொச்சிதான். அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்னமும் பொதுப்பணித் துறையை மராமத்து என்றுதான் சொல்வார்கள். அங்கே பொறியாளர் என்றாலே சர்க்கார் ஆள். 1869ல் முடிந்த திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தைக் கட்டிய வில்லியம் பார்ட்டன் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளர். பேச்சிப்பாறை அணையை 1906ல் முடித்த மின்சின் சமஸ்தானச் சேவையில் இருந்தவர். தேனிப் பக்கம் வீட்டுக்கு வீடு படம் மாட்டியிருக்கிற பென்னிகுயிக், திருவிதாங்கூர் மண்ணில் 1895ல் பெரியாற்று அணையைக் கட்டியபோது சென்னை மாகாண அரசின் பொறியாளர். இவர்கள் யாரிடமும் லைசென்ஸ் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. வேலை கொடுத்ததும் துறை, பரிசோதித்ததும் துறை, தப்பு நடந்தால் விசாரித்து இறக்கியதும் துறை.

கல்லூரிகளும் அந்தத் துறைக்காகத்தான் பிறந்தன. கிண்டிக் கல்லூரி 1794ல் ஆரம்பித்தது அரசுக்குச் சர்வேயர்களைத் தயாரிக்கும் பள்ளியாக. ரூர்க்கி 1847ல் வந்தது கங்கைக் கால்வாய்க்கு ஆள் வேண்டும் என்பதால். இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் என்ற இடத்தில் இந்தியப் பொதுப்பணித் துறைக்கென்றே ஒரு கல்லூரி 1906 வரை நடந்தது. வயோமிங்கில் பொறியாளர் என்பவர் ஊருக்கு ஊர் போய்த் தன் சேவையை விற்கிற தனி ஆள். அவரை யார் என்று காட்ட ஒரு லைசென்ஸ் தேவைப்பட்டது. நம்மூரில் அவர் உத்தியோகஸ்தர். அவருடைய நாற்காலியே லைசென்ஸ்.

நாடு சுதந்திரம் அடைந்தபோதும் இந்த நினைப்பு மாறவில்லை. கணக்கருக்கு 1949லேயே சட்டம் வந்துவிட்டது. சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் அல்லாதவர் கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்துப் போட முடியாது. மருத்துவருக்கு 1956, வக்கீலுக்கு 1961, கட்டடக்கலைஞருக்கு 1972. (கட்டடக்கலைஞர் சட்டம் அந்தப் பட்டப்பெயரைத்தான் காக்கிறது, வேலையை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020ல் சொன்னது.) பொறியாளர்களுக்கென்று அப்படி நாடு முழுவதற்குமான சட்டம் வரவில்லை. இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் 1920ல் சென்னையில் பதிவானது, 1935ல் ராஜ சாசனம் பெற்றது. பாலிடெக்னிக் முடித்து வேலை பார்த்துக்கொண்டே ஏ.எம்.ஐ.இ. எழுதி மேலே வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த அமைப்புதான் ஏணி. சார்ட்டர்டு இன்ஜினியர் என்ற பெயரும் அங்கிருந்து கிடைக்கிறது. மரியாதையான பெயர். ஆனால் அது இல்லாதவர் இந்த வேலையைச் செய்யவே கூடாது என்று தடுக்கிற பலம் அதற்குக் கிடையாது.

சர்க்கார் மட்டுமே கட்டிக்கொண்டிருந்த வரைக்கும் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. 1991க்குப் பிறகு நிலைமை மாறியது. தனியார் கட்டினார்கள், வங்கிகள் வீட்டுக்கடனைக் கூப்பிட்டுக் கொடுத்தன, வெளிநாட்டில் இருந்த நாம் அங்கிருந்தே பணம் அனுப்பினோம். மராமத்து அந்த இடத்தில் இல்லை. மராமத்தின் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேறு யாரும் வரவும் இல்லை.

கல்லாற்றில் ஒரு வீடு

ஓர் உதாரணம் சொல்கிறேன். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடி போகிற பாதையில் கல்லாறு வரும். பெயருக்கு ஏற்றபடி உருண்டைக் கற்களுக்கு மேலே ஓடுகிற ஆறு, போய் வாமனபுரம் ஆற்றில் சேர்கிறது. அதைத் தாண்டினால் மலையேற்றம், கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் சொந்தத்தில் ஒருவர், வளைகுடாவில் இருப்பவர், அந்தப் பக்கம் சரிவில் கொஞ்சம் இடம் வாங்கினார். ரப்பர் மரங்களுக்கு நடுவில், மண் வெட்டி மட்டப்படுத்திய இடம். வீட்டுக்கடன் விஷயமாக என்னைக் கேட்டார். வட்டி விகிதம் பற்றி அரை மணி நேரம் பேசினோம்.

"மாமா, பிளான்ல யார் கையெழுத்துப் போட்டாங்க?" என்றேன்.

"அதெல்லாம் கான்ட்ராக்டரே பார்த்துக்கிட்டார்பா" என்றார்.

அங்கே சட்டம் இல்லாமல் இல்லை. கேரளத்தில் 1999ல் நகராட்சிக் கட்டட விதிகள் வந்தன. ஆனால் அவை எல்லாக் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் பொருந்தியது 2007ல்தான். பஞ்சாயத்துகளுக்கென்றே தனி விதிகள் 2011ல் வந்தன, 2019ல் புதுப்பித்தார்கள். அதாவது கல்லாறு மாதிரி இடத்தில் பதிவு பெற்ற பொறியாளரோ சூப்பர்வைசரோ வரைந்து கையெழுத்திட்ட பிளான் என்பது இந்த நூற்றாண்டில் வந்த சமாச்சாரம். அதற்கு முன் கொத்தனாரின் அனுபவம்தான் பிளான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஓட்டு வீட்டுக்கும் சமதளத்துக்கும் அது போதுமானதாகவே இருந்தது. வெட்டிய சரிவில் இரண்டு மாடி கான்க்ரீட் என்பது வேறு கணக்கு. ஹைலேண்ட் டவர்ஸைத் தள்ளியதும் இதே மழைதான்.

மாமாவுக்கு நான் சொன்னது இதுதான். கையெழுத்துப் போட்டவர் யார், பதிவு எண் என்ன, அவர் இடத்தை வந்து பார்த்தாரா, பின்னால் இருக்கிற மண்சுவருக்கும் தண்ணீர் வடிவதற்கும் தனியாகப் படம் இருக்கிறதா? இந்த நான்கையும் கேட்டு வாங்குங்கள். வங்கி பார்க்கிற மதிப்பீட்டு அறிக்கை வேறு. அந்த இடம் எத்தனை லட்சத்துக்கு விற்கும் என்று அது சொல்லும். வீடு நிற்குமா என்று சொல்லாது. கடன் கிடைத்துவிட்டதால் கட்டடம் சரியாகத்தான் இருக்கும் என்று நம் மக்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நான் அந்த நாற்காலியில் இருந்தவன், அப்படி நினைக்காதீர்கள்.

மாமா கான்ட்ராக்டரோடு சண்டை போட்டு, வெளியிலிருந்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்துப் போனார். அவர் வீட்டை எட்டடி முன்னால் நகர்த்தச் சொன்னார். முற்றம் குறைந்துவிட்டது என்று அத்தைக்கு இன்னும் வருத்தம் :-)

மௌலிவாக்கம்

சமதளத்தில் கட்டினால் கவலையில்லை என்றும் இருக்க முடியாது. 2014 ஜூன் 28 மாலை, மழை பெய்துகொண்டிருந்த நேரம், சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்தது. 61 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். நீதிபதி ரகுபதி ஆணையம் விசாரித்தது.

இடி விழுந்தது என்ற பேச்சு முதலில் கிளம்பியது. பிறகு எல்லோரும் கேட்டது, அனுமதி கொடுத்தது யார் என்று. அனுமதி தருகிற அலுவலகம் பார்ப்பது உயரம், பரப்பு, பக்கத்தில் விடும் இடைவெளி, சாலை அகலம். கட்டடத்தின் உறுதிக்கு உரிமையாளரும் அவர் அமர்த்தும் ஆட்களுமே பொறுப்பு. மராமத்து காலத்தில் ஒரே கூரையின் கீழ் இருந்த பொறுப்பு எத்தனை கையாகப் பிரிந்துவிட்டது என்று அன்றைக்குத்தான் நமக்குத் தெரிந்தது. 2019ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தபோது பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், மண்ணியல் பொறியாளர், தர ஆய்வாளர் என்று ஒவ்வொருவருக்கும் தனிப் பதிவு, தனிப் பொறுப்பு என்று பிரித்து எழுதினார்கள். இலங்கை 2017லேயே பொறியியல் பேரவைச் சட்டம் கொண்டுவந்து பொறியாளர் பதிவைத் தேசிய அளவில் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 2025ல் தொழில்முறைப் பொறியாளர் மசோதாவின் வரைவு ஒன்று பொதுமக்கள் கருத்துக்காக வெளியானது. கணக்கருக்குப் பிறகு எழுபத்தாறு வருடம்.

நம் பிள்ளைகளுக்கு

ஊரில் லைசென்ஸ் இல்லாததன் விலையைக் கடல் தாண்டியவர்கள்தான் அதிகம் கொடுக்கிறார்கள். குவைத்தில் 2018ல் பொறியாளர் வேலைக்கு இருப்பவர்களின் பட்டம், இந்தியாவின் என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் வாங்கியதாக இருக்க வேண்டும் என்றார்கள். என்.பி.ஏ. தொடங்கியதே 1994ல். அதற்கு முன் படித்தவர், இருபத்தைந்து வருடம் அங்கே ரோடு போட்டவர், திடீரென்று 'இன்ஜினியர் இல்லை' ஆகிப்போனார். உள்ளூரில் அவரைப் பதிவு செய்து வைத்திருக்கும் ஒரு சட்ட அமைப்பு இருந்திருந்தால் அவருக்காகப் பேச ஓர் ஆள் இருந்திருக்கும். 2014 ஜூனில் இந்தியா வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பினரானது உதவிதான், ஆனால் அது படிப்பைப் பற்றியது, அதுவும் அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுகளுக்கு மட்டும். ஒண்டாரியோவில் நம்மவர்களை வருடக்கணக்கில் டாக்ஸி ஓட்ட வைத்த 'கனடிய அனுபவம்' என்ற நிபந்தனையை அங்குள்ள பொறியாளர் அமைப்பு 2023ல் எடுத்துவிட்டது. அந்தக் காரணத்துக்காகக் கோப்பை மூடி வைத்தவர்கள் மறுபடி திறக்கலாம்.

அமெரிக்காவில் பாதை பொதுவாக இப்படி: அங்கீகரித்த பட்டம், எஃப்.இ. என்ற அடிப்படைப் பரீட்சை, லைசென்ஸ் உள்ள ஒருவரின் கீழ் சுமார் நான்கு வருட அனுபவம், பிறகு பி.இ. பரீட்சை. லைசென்ஸ் கொடுப்பது மாநிலம், மாநிலத்துக்கு மாநிலம் விதி கொஞ்சம் மாறும். இந்தியப் பட்டம் என்றால் பாடவாரியாக மதிப்பிட வைக்க வேண்டும். அந்த மதிப்பீட்டுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் பட்டியல் நேராகப் போக வேண்டியிருக்கும், ஊருக்கு வரும்போதே அந்த வேலையை முடித்து வையுங்கள். எல்லாப் பொறியாளருக்கும் இது தேவையில்லை. கம்பெனிக்குள் இயந்திரம் வடிவமைக்கிற பலர் லைசென்ஸ் இல்லாமலே ஓய்வு பெறுகிறார்கள். சாஃப்ட்வேருக்கும் 2013ல் ஒரு பி.இ. பரீட்சை கொண்டுவந்தார்கள். எழுதியவர்கள் மொத்தமே 81 பேர், 2019ல் நிறுத்திவிட்டார்கள். பொதுமக்கள் நடக்கிற பாலம், குடிக்கிற தண்ணீர், படுத்துத் தூங்குகிற கட்டடம் என்று வந்தால் முத்திரை வேண்டும்.

அக்காவுக்கு நான் கடைசியில் சொன்னது: "முதல் பி.இ. அவன் என்ன படிச்சான்னு நமக்குச் சொல்றது. இது, அவனைப் பார்த்தே இராத ஒருத்தர் வீடு இடிஞ்சா யார் வீட்டுக் கதவைத் தட்டணும்னு ஊருக்குச் சொல்றது."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நல்லா யோசிச்சுக் கையெழுத்துப் போடச் சொல்லு" என்றார்.

அவன் ஏப்ரலில் பரீட்சை எழுதுகிறான்.